கறியா, காயா: குடல் பாக்டீரியா எதைக் கேட்கிறது?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் டேவிட், பீட்டர் டர்ன்பா ஆகியோரின் குழு பத்துப் பேரைக் கூப்பிட்டு ஐந்து நாள் கறிவிருந்து வைத்தது. காலையில் முட்டையும் பன்றிக்கறியும். மதியம் மாட்டுக்கறி, மறுபடியும் பன்றிக்கறி. ராத்திரிக்குப் பதப்படுத்திய இறைச்சியோடு நான்கு வகைச் சீஸ். கொறிக்கப் பொரித்த பன்றித்தோல். காய் இல்லை, கனி இல்லை, பருப்பு இல்லை, சோறு, ரொட்டி எதுவுமே இல்லை. நார்ச்சத்து ஏறக்குறைய பூஜ்யம்.

வேறோர் ஐந்து நாளில் சாப்பாடு தலைகீழானது. சோறு, வெங்காயம், தக்காளி, பூசணி, பூண்டு, பச்சைப் பட்டாணி, மசூர் பருப்பு, இடையிடையே பழங்கள். நம் ஊர்க்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் இதற்கா ஆராய்ச்சி என்று கேட்டிருப்பார்கள். எந்த வேளைச் சாப்பாடு எப்போது வெளியேறுகிறது என்று தெரிய வேண்டுமே, அதற்காக உணவோடு ஒரு சாயத்தையும் விழுங்கக் கொடுத்தார்கள். மல மாதிரிகளைச் சேகரித்து, அதிலிருந்த பாக்டீரியாக்களின் மரபணுவைப் படித்தார்கள். 2014-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது.

கறிச் சாப்பாடு பெருங்குடலை எட்டிய ஒரே நாளில் அங்கே ஆள் மாறிவிட்டது. பித்தநீரைத் தாங்கிப் பிழைக்கக்கூடிய பைலோஃபிலா, அலிஸ்டிபிஸ், பாக்டீராய்டிஸ் இனங்கள் பெருகின. தாவர நாரைத் தின்று வாழும் ரோஸ்பூரியா போன்றவை தேய்ந்தன. பிறந்ததிலிருந்தே சைவமாக இருந்த ஒருவரும் அந்தக் குழுவில் இருந்தார். அவர் குடலில் மண்டிக்கிடந்த பிரெவோடெல்லா என்ற இனம் கறி சாப்பிட்ட நாள்களில் குறைந்துபோனது. சோதனை முடிந்து அவரவர் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய இரண்டே நாளில் பழைய கூட்டம் மறுபடி கூடிவிட்டது.

ஒரு வாரம் பழச்சாறு, பத்து நாள் ‘குடல் சுத்தம்’ என்று விளம்பரம் செய்பவர்களுக்கு இந்தக் கடைசி வரி பிடிக்காது. ஐந்து நாளில் வந்த மாற்றம் இரண்டு நாளில் போய்விடுகிறது. நிற்கிற மாற்றம் வேண்டுமானால் அன்றாடச் சாப்பாடுதான் மாற வேண்டும்.

மிச்சத்தை யார் தின்பது?

மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எல்லாம் சேர்ந்து 200 கிராம் எடை. உடலின் செல்களைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா என்று பல காலம் சொல்லப்பட்டுவந்த கணக்கு அத்தோடு அடிபட்டுப்போனது. இரண்டும் ஏறத்தாழச் சமம்தான். அந்த 200 கிராமில் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது.

பெருங்குடல் என்பது பந்தியின் கடைசி வரிசை. சாப்பாட்டிலுள்ள சர்க்கரை, கொழுப்பு, புரதத்தில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடுகிறது. மனிதனால் செரிக்க முடியாததுதான் கீழே போய்ச் சேர்கிறது: கீரையின் நார், பயறின் தோல், சோற்றிலுள்ள செரிக்காத மாவு. இவற்றைப் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடற் சுவரின் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை பியூட்டிரேட்டிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன.

கறியில் நார் கிடையாது. கொழுப்பு அதிகமான சாப்பாட்டுக்குக் கல்லீரல் பித்தநீரை அதிகம் சுரக்கிறது. அதில் ஒரு பங்கு பெருங்குடல்வரை வழிகிறது. செரிக்காத புரதமும் கொஞ்சம் வந்து சேர்கிறது. நார் தின்னும் இனங்களுக்குத் தீனி இல்லை, பித்தம் தாங்கும் இனங்களுக்குக் கொண்டாட்டம். ஹார்வர்டு முடிவின் பின்னால் இருக்கும் காரணம் இவ்வளவுதான். நாரே கிடைக்காவிட்டால் சில பாக்டீரியாக்கள் குடற்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தையே அரிக்கத் தொடங்குகின்றன என்று 2016-இல் ‘செல்’ இதழில் வந்த எலி ஆய்வு காட்டியது.

மலத்தைப் பார்த்துச் சாப்பாட்டைச் சொல்லலாம்

பத்துப் பேர், ஐந்து நாள் என்பது சின்னச் சோதனை. பல ஆண்டுகளாக ஒரே உணவுமுறையில் இருப்பவர்களின் குடல் எப்படி இருக்கும்? இத்தாலியின் டிரென்டோ பல்கலைக்கழகத்தில் நிக்கோலா செகாட்டாவின் குழு இதற்கு 21,561 பேரின் மாதிரிகளை எடுத்துக்கொண்டது. அமெரிக்கா, பிரிட்டன், இத்தாலிக்காரர்கள். 656 பேர் வீகன், 1,088 பேர் சைவம், மீதி 19,817 பேர் எல்லாம் சாப்பிடுபவர்கள். வீகன் என்றால் கறி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேனும் கிடையாது. நம் வீடுகளின் சைவம் அந்த 1,088 பேரின் பக்கம்தான் சேரும்.

2025-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பாக்டீரியாப் பட்டியலை மட்டும் வைத்தே ஒருவர் எந்த வகை என்று கணினியால் பெரும்பாலும் சரியாகச் சொல்ல முடிகிறது. எல்லாம் சாப்பிடுபவர்களிடம் பைலோஃபிலா வாட்ஸ்வொர்தியா, ருமினோகாக்கஸ் டார்க்குவெஸ், அலிஸ்டிபிஸ் புட்ரெடினிஸ் அதிகம். வீகன்களிடம் ரோஸ்பூரியா ஹோமினிஸ் போன்ற, நாரை பியூட்டிரேட்டாக மாற்றும் இனங்கள் அதிகம். சைவக்காரர்களின் அடையாளம் வேடிக்கையானது: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். யோகர்ட் உறையவைக்கப் பயன்படுவது அதுதான். தயிர் சாப்பிட்டால் தயிரின் பாக்டீரியா குடலில் தென்படும், ரகசியம் ஒன்றுமில்லை.

சிவப்பு இறைச்சியோடு ஒட்டிவந்த இனங்கள் ரத்தக் கொழுப்பு, சர்க்கரை போன்ற அளவீடுகள் மோசமாக இருப்பவர்களிடம் அதிகம் காணப்பட்டன. ஆனால் கறி சாப்பிடுபவர்களிலேயே காயும் கனியும் நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில், வீகன்களிடம் இருக்கும் நல்ல இனங்கள் கூடுதலாக இருந்தன. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் அடிக்கோடிட வேண்டுமானால் இதை அடிக்கோடிடலாம்.

வீகன் தின்ற ஸ்டேக்

கறிக்கென்று தனியாக ஒரு வழக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ஸ்டான்லி ஹேசன் என்ற இதய ஆய்வாளரின் குழு 2013-இல் அதைத் தொடுத்தது. சிவப்பு இறைச்சியில் கார்னிடின் என்ற பொருள் நிறைய உண்டு. நம் ஊர் ஆட்டுக்கறியும் இதில் சேர்த்தி, கோழியில் மிகக் குறைவு. குடல் பாக்டீரியாக்கள் கார்னிடினைச் சிதைத்து ஒரு வாயுவை உண்டாக்குகின்றன. அது கல்லீரலுக்குப் போய் டிஎம்ஏஓ என்ற பொருளாக மாறுகிறது. எலிகளில் இந்த டிஎம்ஏஓ ரத்தக்குழாய் அடைப்பை வளர்த்தது.

ஹேசன் குழு சுமார் 225 கிராம் மாட்டுக்கறித் துண்டை வறுத்துத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தது. வழக்கமாகக் கறி சாப்பிடுபவர்களின் ரத்தத்தில் சில மணி நேரத்தில் டிஎம்ஏஓ ஏறியது. ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பாக்டீரியாக்களை ஒடுக்கிய பிறகு அதே கறியைக் கொடுத்தபோது ஏறவில்லை. அடுத்து ஐந்தாண்டுக்கு மேல் வீகனாக இருந்த ஒருவரைத் தேடிப்பிடித்து, ஆய்வுக்காக ஒரே ஒரு முறை அந்தக் கறியைத் தின்னச் சம்மதிக்கவைத்தார்கள். எப்படிச் சம்மதித்தாரோ! அவர் ரத்தத்தில் டிஎம்ஏஓ கிட்டத்தட்ட உயரவே இல்லை. கறியைச் சிதைக்கும் கூட்டம் அவர் குடலில் பெருகியிருக்கவில்லை.

இதை வைத்துக் கறிக்குத் தீர்ப்பெழுதிவிட முடியாது. கடல் மீனில் டிஎம்ஏஓ நேரடியாகவே இருக்கிறது, மீன் சாப்பிடுபவர்களுக்கு அதனால் இதயநோய் கூடுவதாகத் தெரியவில்லை. எனவே டிஎம்ஏஓ குற்றவாளியா, குற்றம் நடந்த இடத்தில் நின்ற சாட்சியா என்று ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை. வழக்கு எப்படி முடிந்தாலும் நடைமுறைக்குப் போதுமான தகவல் ஒன்று கையில் இருக்கிறது. 2019-இல் 113 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், ஒரு மாதம் சிவப்பு இறைச்சி சாப்பிட்டபோது உயர்ந்த டிஎம்ஏஓ, அதை நிறுத்திய ஒரு மாதத்துக்குள் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டுக்கறி எடுக்கும் வீடு பயப்பட வேண்டியதில்லை. தினமும் மட்டன் பிரியாணி என்பவர்தான் யோசிக்க வேண்டும்.

பெயர்ப்பலகை பொய் சொல்லும்

வீகன் என்று சொல்லிக்கொள்வதால் மட்டும் குடல் மாறிவிடாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 15 வீகன்களையும் 16 எல்லாம் சாப்பிடுபவர்களையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2016-இல் வந்தது. இரு தரப்பின் பாக்டீரியாக்களிலும் பெரிய வேறுபாடு இல்லை, சிறு கொழுப்பு அமிலங்களின் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். சிப்ஸ், கோலா, மைதா பிரெட் எல்லாமே வீகன்தான் என்பதை நினைத்துக்கொண்டால் ஆச்சரியம் குறையும்.

ராப் நைட் முதலானோர் கொலராடோவில் தொடங்கிய ‘அமெரிக்கன் கட் புராஜெக்ட்’ பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மாதிரிகளைச் சேர்த்தது. 2018-இல் அவர்கள் சொன்னது: ஒருவர் தன்னை வீகன் என்கிறாரா, கறி சாப்பிடுபவர் என்கிறாரா என்பதைவிட, வாரத்தில் எத்தனை வகைத் தாவரங்கள் சாப்பிடுகிறார் என்பதே பாக்டீரியாக்களின் வகைப்பெருக்கத்தோடு நன்றாகப் பொருந்தியது. முப்பதுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கும் பத்தோ அதற்குக் குறைவாகவோ சாப்பிட்டவர்களுக்கும் இடையில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

எல்லாவற்றையும்விட நம்பத்தக்க சான்று 2015-இல் வந்த ஓர் இடமாற்றச் சோதனை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓகீஃப் குழு, 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களையும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரையும் இரண்டு வாரத்துக்கு உணவை மாற்றிக்கொள்ளச் செய்தது. முதல் தரப்பில் பெருங்குடல் புற்றுநோய் மிக அதிகம், இரண்டாவது தரப்பில் அரிது. கிராமத்தாருக்குச் சாசேஜ், பான்கேக், ஹாம்பர்கர், உருளைக்கிழங்கு வறுவல் போனது. அமெரிக்கர்களுக்கு மக்காச்சோளம், வெண்டைக்காய், காராமணி, பீன்ஸ் சூப், மாம்பழம். அவர்களின் நார்ச்சத்து நாளொன்றுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமுக்கு ஏறியது. கிராமத்தாருக்கு 66-இலிருந்து 12-க்கு இறங்கியது. இரண்டே வாரத்தில் அமெரிக்கர்களின் பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது, கிராமத்தாருக்குப் பாதியானது. குடற்சுவர் அழற்சியின் அளவுகளும் அதற்கேற்பத் தடம் மாறின.

இதில் கவனிக்க வேண்டியது, அமெரிக்கர்களுக்குப் போன அந்த நல்ல சாப்பாட்டில் மீனும் இருந்தது. அது வீகன் உணவே இல்லை.

இந்தியாவிலும் ஓர் ஒப்பீடு உண்டு. 110 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், தாவர உணவு மேலோங்கிய போபால்காரர்களின் குடலில் பிரெவோடெல்லா கோலோச்சியது. மீனும் கறியும் சாப்பிடும் கேரளத்தாரிடம் பாக்டீராய்டிஸ், ருமினோகாக்கஸ், ஃபீக்கலிபாக்டீரியம் கூடுதலாக இருந்தன. ஃபீக்கலிபாக்டீரியம் பியூட்டிரேட் தயாரிப்பதில் பேர்போன இனம். மீன்குழம்பு சாப்பிடுபவர் குடல் கெட்டது என்று யாரும் அவசரப்பட வேண்டாம்.

அடுக்களையில் செய்ய வேண்டியது

முதலில் எண்ணிக்கை. ஒரு சாம்பாரில் துவரம்பருப்பு, புளி, சின்ன வெங்காயம், தக்காளி, முருங்கைக்காய், கத்தரிக்காய், கறிவேப்பிலை என ஏழு தாவரங்கள் சாதாரணமாக விழுந்துவிடும். முப்பது என்ற இலக்கைப் பார்த்து அமெரிக்கர்கள் மலைப்பதுபோல் தமிழ்ச் சமையலறை மலைக்க வேண்டியதில்லை. ஆனால் கடுகும் வெந்தயமும் தாளிக்கிற அளவுக்குப் பாக்டீரியாவின் வயிற்றை நிரப்பாது. தனியாவையும் கொத்தமல்லித் தழையையும் இரண்டாகக் கணக்கெழுதுவதும் ஏமாற்று வேலை. உண்மையான சிக்கல் தட்டின் நடுவில் இருக்கிறது: ஒரு மலை வெள்ளைச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிக் காய்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் நார் சுமார் 3 கிராம். கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராம். முழுக் கொண்டைக்கடலையில் 25 கிராம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெள்ளைச் சோற்றை மட்டும் நம்பி அதை எட்டுவது நடக்காத காரியம். வாரத்தில் மூன்று நான்கு வேளை கேழ்வரகுக் களியோ கம்பங்கூழோ, தினமும் ஒரு சுண்டல், சோற்றைக் குறைத்துக் கூட்டும் பொரியலும் இரட்டிப்பு. வீகனுக்கும் கறி சாப்பிடுபவருக்கும் இது பொது. கறிக்குழம்பு வைக்கிற நாளில் பக்கத்தில் ஒரு கீரைக் கடைசலோ வாழைத்தண்டுப் பொரியலோ இருக்கட்டும். வெறும் முட்டையும் வறுவலும் வேண்டாம்.

பயறு என்றதும் வாயு என்பார்கள். காரணம் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள். அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கும்போது வாயு கிளம்புகிறது. கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்தால் இந்தச் சர்க்கரை கணிசமாகக் குறையும். முளைகட்டினால் இன்னும் குறையும். முதல் வாரம் ஒரு சிறு கைப்பிடியோடு நிறுத்திக்கொண்டு, மெல்ல மெல்லக் கூட்டுவது நல்லது. தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும். ஒரே நாளில் கறியை விட்டுவிட்டு மூன்று வேளையும் பயறாகத் தின்பவர்கள்தான் நான்காம் நாள் ‘எனக்கு ஒத்துக்கல’ என்று பழையபடி திரும்புகிறார்கள். குடல் எரிச்சல் நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அண்மையில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நாரைக் கூட்டக் கூடாது.

புளித்த உணவுக்கும் பங்குண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நார் மிகுந்த உணவும் மறுபாதிக்கு யோகர்ட், கிம்ச்சி போன்ற புளித்த உணவும் பத்து வாரம் கொடுத்தது. 2021-இல் வந்த முடிவில், புளித்த உணவுக் குழுவில்தான் பாக்டீரியாக்களின் வகை பெருகியது, அழற்சிப் புரதங்கள் குறைந்தன. கறி சாப்பிடுபவருக்கும் சைவக்காரருக்கும் மோர் இருக்கிறது. வீகனுக்கு? இட்லி மாவு புளித்ததுதான், ஆனால் ஆவியில் வேகும்போது அதிலுள்ள பாக்டீரியாக்கள் செத்துவிடுகின்றன. பழைய சோற்றில் அவை உயிரோடு இருக்கும். சோறு ஆறியதும் தாமதிக்காமல் சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடி, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். வாடை மாறியிருந்தால் கொட்டிவிட வேண்டும். தொட்டுக்கொள்ளும் சின்ன வெங்காயத்தில் உள்ள ஃபுரக்டான் என்ற நாரும் பாக்டீரியாக்களுக்குப் பிடித்த தீனி.

பாக்கெட்டில் வரும் வீகன் கறி, வீகன் சீஸ் பற்றி ஒரு வார்த்தை. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் குழம்பாக்கிகளைப் படித்துப் பார்க்கலாம். அவற்றுள் ஒன்றான கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸை நாளுக்கு 15 கிராம் வீதம் 11 நாள் கொடுத்துப் பார்த்த ஒரு சிறு சோதனையில் பாக்டீரியாக்களின் வகையும் சிறு கொழுப்பு அமிலங்களும் குறைந்தன. பாக்கெட் உணவில் இருப்பது அதைவிட மிகக் குறைவு. எப்போதாவது சாப்பிடலாம், தினசரிச் சாப்பாடாக வேண்டாம். குடல் பாக்டீரியாவைப் பரிசோதித்துத் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் நிறுவனங்களுக்குக் காசைக் கொடுப்பதற்கும் அவசரமில்லை. சரியான குடல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மருத்துவம் ஒப்புக்கொண்ட அளவுகோல் எதுவும் வரவில்லை.

வீகன்களுக்கு வைட்டமின் பி12 மாத்திரையில் மட்டும் விதிவிலக்கு கிடையாது. குடல் பாக்டீரியாக்களே இந்த வைட்டமினைத் தயாரிக்கின்றன, பிறகு ஏன் மாத்திரை என்று சில வீகன்கள் கேட்பார்கள். தயாரிப்பது உண்மை. ஆனால் அது நடப்பது பெருங்குடலில். உடல் பி12-ஐ உறிஞ்சுவது அதற்கு முன்னால், சிறுகுடலின் கடைசிப் பகுதியில். கீழே தயாராவது மேலே ஏறி வராது, அப்படியே வெளியேறிவிடும். ஸ்பைருலினாவில் இருப்பதும் பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத வகை. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. சில ஆண்டுகள் கழித்துச் சோர்வாக, ரத்தசோகையாக, கால் மரத்துப்போவதாக வரும். பால், முட்டை, கறி மூன்றையும் விடுபவர் விடுகிற நாளிலேயே பி12 மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொல்வார்.